ஏழாம் எண் ஆட்சேபணை

நெவில் பெக்வித் தம் வாழ்நாளில் ஒரு வாய் பீர் குடித்ததில்லை. இதைச் சொன்னால் ஆல்டர்ஷா ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் இரவு பதினொரு மணிக்கு மேல் எந்தப் பப்பில் விளக்கு எரிந்தாலும், எந்த மாடியில் டிரம் அதிர்ந்தாலும், அதற்கு நகரமன்றத்தில் உரிமம் வாங்கிக் கொடுத்தவர் அநேகமாக அவர்தான். பாரிஸ்டர். மது, கேளிக்கை உரிமச் சட்டத்தில் இருபத்தாறு வருஷ அனுபவம். கட்சிக்காரர்கள் நன்றியோடு ஒரு கிளாஸை நீட்டினால், "எலுமிச்சை சோடா இருக்கா?" என்று கேட்பார். ஏதோ வயிற்றுப்புண் போலிருக்கிறது என்று அவர்களும் பரிதாபப்பட்டு விட்டுவிடுவார்கள்.

வயிற்றுப்புண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காரணம் அம்மா.

எட்னா பெக்வித்துக்கு எண்பத்துமூன்று வயது. மெதடிஸ்ட் சபை. மதுவைத் தொடமாட்டேன் என்று ஏழு வயதில் சபையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். மகனுக்கு ஏழு வயதானதும் அவன் கையைப் பிடித்து அதே மாதிரி கையெழுத்துப் போட வைத்தவர். கிறிஸ்துமஸ் புட்டிங்கில் இரண்டு ஸ்பூன் ரம் ஊற்றிய குற்றத்துக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தார். தம்பி இறந்த அன்று சவப்பெட்டியருகே போய் நின்று, "சரி, இப்ப பேசலாம்" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசினார். அப்பேர்ப்பட்ட மனுஷியிடம் போய், "அம்மா, நான் பப்புகளுக்கு வக்கீல்" என்று எந்தப் பிள்ளை சொல்லுவான்?

நெவில் சொல்லவில்லை. சபைக் கட்டடங்களின் சொத்து வழக்குகளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தார். ஆரம்பத்தில் ஒரே ஒரு நாளைக்குத்தான் அந்தப் பொய். உரிம வழக்கு பார்க்கும் பெரிய வக்கீல் ஒருவர் கால் முறிந்து படுத்துவிட்டார், நாளைக்கு மட்டும் நீ போ என்று அனுப்பினார்கள். போனார், ஜெயித்தார். அந்த வக்கீலின் கால் சரியாகி, அவர் ஓய்வு பெற்று, ஸ்பெயினுக்கே குடிபோய்விட்டார். நெவில் இன்னும் அந்த "நாளைக்கு மட்டும்" வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். பொய்யும் கூடவே வளர்ந்தது.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உரிமச் சட்டத்துக்கு வருஷா வருஷம் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் வரும். புதுசு வந்ததும் பழசை எறிய மனம் வராமல், பழுப்புத்தாளில் அட்டை போட்டு, மேலே "சபைச் சொத்துச் சட்டம்" என்று எழுதி, அம்மா வீட்டில் தாம் சின்ன வயதில் படுத்த அறையில் அடுக்கி வைத்தார். இருபத்தைந்து செங்கற்கள் சேர்ந்திருந்தன.

கோர்ட்டில் பாரிஸ்டர்கள் தலையில் வைக்கிற விக் இன்னொரு தொல்லை. பாரிஸ்டர் ஆனபோது அம்மா ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஆனால் உரிமக் குழு கூடுவது நகரமன்றத்தின் இரண்டாம் மாடியில். மூன்று கவுன்சிலர்கள், ஒரு சட்ட அலுவலர், ஒரு தட்டு பிஸ்கட், அவ்வளவுதான். அங்கே குதிரைமயிர் விக்கோடு போய் நின்றால் பிஸ்கட் புரையேறிச் செத்துப்போவார்கள். விக் டப்பாவிலேயே கிடந்தது. ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அம்மா கேட்பார்: "விக்கைக் காத்தாட வைக்கிறியாடா? ஜட்ஜு ஏதாவது சொன்னாரா?"

"நல்லாருக்குன்னு சொன்னார்ம்மா."

ஒரு மணி நேரம் இருப்பார். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, குழம்பு. அதில் பாதி நேரம் மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "ஒரு சபைக் கூரை விஷயம், அவசரம்" என்று கிளம்பிவிடுவார்.

இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. உரிமம் கேட்கிறவர் வெளிறிய நீலத் தாளில் அறிவிப்பு அச்சடித்து வாசலில் இருபத்தெட்டு நாள் ஒட்டிவைக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். ஒருத்தரும் எழுதாவிட்டால் விசாரணையே கிடையாது, உரிமம் தானாக வந்துவிடும், வக்கீல் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைத் துடைக்கலாம். எழுதுகிறவர்களின் பெயர் மேல் நகரமன்றம் கறுப்பு மை பூசி, ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்து வக்கீலுக்கு அனுப்பும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வழக்கில்தான் நெவில் முதன்முதலாக ஏழாம் எண்ணைச் சந்தித்தார். மற்ற ஆறு பேரும் வழக்கம்போல, சத்தம், வாந்தி, ஒழுங்கீனம் என்று எழுதியிருந்தார்கள். ஏழாவது கடிதம் இப்படித் தொடங்கியது: "குழுவினரின் பொறுமைக்கு என் நன்றி. அதை நான் சோதிக்கப்போகிறேன்." அப்புறம் நாலு பக்கம், பிரிவு எண்ணோடு, பக்க எண்ணோடு. நெவிலே மறந்துபோயிருந்த ஓர் அடிக்குறிப்பு வரைக்கும். நெவில் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

அதன்பின் விடவே இல்லை. வேறு வழக்கில் வேறு எண் இருக்கும், ஆனால் அந்த முதல் வரியைப் பார்த்ததும் இது ஏழாம் எண்தான் என்று நெவிலுக்குத் தெரிந்துவிடும். நடன அரங்கு, பந்து உருட்டும் கூடம், எதையும் விட்டுவைக்கவில்லை. தலைமுடி வெட்டும்போது ஒரு கிளாஸ் ஒயின் தர அனுமதி கேட்ட பியூட்டி பார்லருக்கு எதிராக ஏழு பக்கம்! ஒரு பாலாடைக்கட்டிக் கடை மேல்கூடக் கருணை காட்டவில்லை. ஆள் மட்டும் நேரில் வருவதே இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதியாக இருக்கலாம் என்று நெவில் நினைத்தார். குளிர்காலம் நன்றாக இருக்கிறதா, அவருக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்றுகூடச் சில சமயம் கவலைப்பட்டார். எதிரிதான், ஆனாலும் அந்த எதிரியால்தான் தொழில் சுவையாக இருந்தது.

இப்படி இருக்கையில் டெஸ் ஹார்கிரீவ்ஸ் வந்து சேர்ந்தார். "தூங்கும் கிடா" பப்பின் முதலாளி. வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு ஒரு மணி வரை திறந்து வைக்க வேண்டும், பாட்டும் வேண்டும். ஒன்பது பேர் ஆட்சேபித்தார்கள். நெவில் வீடு வீடாகப் போய்ப் பேசி, கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங், குப்பைத்தொட்டிக்கு ரப்பர் சக்கரம் என்று ஒத்துக்கொண்டு எட்டுப் பேரை விலக வைத்துவிட்டார். மிச்சம் அந்தப் பழைய எதிரி ஒருவர். இந்த முறை நிஜமாகவே அவருக்கு ஏழாம் எண்.

"நேரில் வராவிட்டால், விசாரணை இல்லாமலே காகிதத்தை வைத்து முடிவு செய்யப்படும்" என்று நகரமன்றம் ஏழாம் எண்ணுக்கு எழுதியது. வருகிறேன் என்று மறுநாளே பதில் வந்தது.

நெவில் துள்ளிக் குதித்தார். பன்னிரண்டு வருஷப் பகை, நேருக்கு நேர்! பதினோரு பக்கத்துக்கு வாதம் எழுதினார். அதில் பதினான்காம் பத்தியை எழுதி முடித்ததும் எழுந்து நின்று தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டார். "ஏழாம் எண் ஒரு பப்பின் வாசற்படியைக்கூட மிதித்தவரல்ல. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஒருவர், அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நகரமன்றத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்." டெஸ்ஸுக்குப் போன் போட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"அய்யோ பாவம்ங்க வக்கீலய்யா," என்றார் டெஸ். "ஆனா செமையா இருக்கு."

விதிப்படி வாதத்தின் பிரதி எல்லோருக்கும் முன்கூட்டியே போனது. ஏழாம் எண்ணுக்கும் போனது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. தலைவர் நாற்காலியில் கவுன்சிலர் ருக்சானா மாலிக், இரண்டு பக்கமும் இரண்டு கவுன்சிலர்கள், ஓரத்தில் சட்ட அலுவலர் கிளைவ். பிஸ்கட் தட்டு வந்துவிட்டது. கதவு திறந்தது. பச்சை மழைக்கோட்டு, கையில் தோல்பை, கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று எட்னா நினைத்திருந்தார்.

நெவில் அந்தப் பையைப் பார்த்ததுமே ஆளைக் கண்டுகொண்டார். அந்தப் பையில்தான் அவருடைய பள்ளிக்கூடச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. ஓடலாமா என்று ஜன்னலைப் பார்த்தார். இரண்டாம் மாடி.

"பேர் சொல்லுங்கம்மா," என்றார் தலைவர்.

"ஏழாம் எண்ணுன்னே வெச்சுக்கலாமே."

"நேர்ல வந்துட்டா பேர் சொல்லியாகணும்மா."

எட்னா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "எட்னா பெக்வித்."

அறையிலிருந்த எல்லாத் தலையும் நெவில் பக்கம் திரும்பியது. டெஸ் மெதுவாகக் குனிந்து, "உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

நெவில் எழுந்தார். "தலைவர் அவர்களே, ஏழாம் எண் என்னைப் பெத்தவங்க."

கிளைவ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை. "மேடம், அம்மாவைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லை. பொண்டாட்டி இருக்கு, பார்ட்னர் இருக்கு. காவல் நாய்கூட ஒரு இடத்துல வருது. அம்மா இல்லை."

"அப்ப கட்சிக்காரரைக் கேளுங்க."

டெஸ் தாராளமாகக் கையை விரித்தார். "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லைங்க. அம்மாவோட வீக்பாயின்ட் புள்ளைக்குத்தானே தெரியும்?"

"நல்லது," என்றார் தலைவர். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இங்க ஒருத்தரோட ஒருத்தர் நேரா பேசக்கூடாது. எதுவா இருந்தாலும் தலைவர் வழியா. ஏழாம் எண், உங்களுக்கு அஞ்சு நிமிஷம்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் எட்னா. "தலைவர் வழியா அவர்கிட்ட சொல்லுங்க, காலர் ஒரு பக்கம் மடிஞ்சிருக்கு."

"மிஸ்டர் பெக்வித், உங்க காலர் மடிஞ்சிருக்காம்."

நெவில் காலரைச் சரி செய்தார். "தலைவர் வழியாக, நன்றி."

"விக் எங்கேன்னும் கேளுங்க."

"விக் எங்கேன்னு கேக்கறாங்க."

"தலைவர் வழியாக, அது... டப்பாவில் இருக்கிறது."

"அப்படியா? ஜட்ஜு நல்லாருக்குன்னு சொன்னாராமே, எந்த ஜட்ஜுன்னு கேளுங்க," என்றார் எட்னா.

இந்தக் கேள்வி உரிமம் சம்பந்தப்பட்டதல்ல என்று கிளைவ் எழுந்து சொன்னார். தலைவர் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் பதில் கிடைக்காத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

எட்னா பையிலிருந்து பதினோரு பக்க வாதத்தை எடுத்தார். ஓரத்தில் பென்சில் குறிப்புகள். "தலைவர் வழியா ரெண்டு கேள்வி. பதினான்காம் பத்தி." கண்ணுக்கருகே வைத்து நிதானமாகப் படித்தார். "'வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஒருவர், அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நகரமன்றத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்.' நல்ல வாக்கியம். எழுதினவருக்கு இது எப்படித் தெரியும்னு கேளுங்க. ஆளைத் தெரிஞ்சு எழுதினாரா, தெரியாம எழுதினாரா?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம் இடைவேளை," என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீளமான பெஞ்சு. அம்மா ஒரு முனையில் உட்கார்ந்தார். நெவில் இன்னொரு முனையில் உட்கார்ந்தார். எட்னா பையிலிருந்து முட்டை சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார்.

"தின்னு. காலைல ஒண்ணும் தின்னிருக்க மாட்ட."

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"உங்கப்பா செத்தப்ப. கல்லறை இடத்துக்கு சபைல ஏதாவது விதி இருக்கான்னு பார்க்க, நீ வெச்சிருந்த சொத்துச் சட்டத்தைத் திறந்தேன். முதல் பக்கத்துலயே பீர்னு போட்டிருந்தது."

"அது இருபது வருஷம் ஆச்சேம்மா!"

"இருபத்தொண்ணு. துக்க வீட்டுல கத்தக்கூடாதேன்னு மூடி வெச்சேன். அப்புறம் தூக்கம் வராதப்ப படிக்க ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் படிச்சுட்டேன். அந்த ஒன்பதாவது வருஷத்துப் புத்தகம்தான் நல்லாருந்தது. அதுக்கப்புறம் அடிக்குறிப்பை அள்ளிப் போட்டுக் கெடுத்துட்டாங்க."

நெவில் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "கோபமா இருந்தா நேரா திட்டியிருக்கலாமே. இப்படி பன்னிரண்டு வருஷமா என்னை எதிர்த்து..."

"எதிர்த்தா?" எட்னா திரும்பிப் பார்த்தார். "படிச்ச புள்ளைதானே நீ? ஒரு ஞாயித்துக்கிழமை வந்து உட்கார்ந்த. முகம் வெளிறிக் கிடந்தது. ரெண்டாவது தடவை உருளைக்கிழங்கு போட்டப்ப வேண்டாம்னுட்ட. 'இந்த மாசம் சபைங்க ஒண்ணும் வரலைம்மா, எல்லாம் தானா முடிஞ்சுபோகுது'ன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா? நீ போனப்புறம் மாடிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆட்சேபணை வரலைன்னா விசாரணை இல்லை. விசாரணை இல்லைன்னா நீ எங்கேடா போய் எழுந்து நின்னு பேசுவ? மறுநாள் பஸ் பாஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன், எந்த வாசல்ல நீலத்தாள் ஒட்டியிருக்குன்னு பார்க்க. இந்தத் தடவை நேர்ல வரலைன்னா விசாரணையே இல்லைன்னுட்டாங்க, அதான் வந்துட்டேன்."

அறுபத்தொரு வழக்குகள். நெவில் மனசுக்குள் அந்தப் பியூட்டி பார்லரும் பாலாடைக்கட்டிக் கடையும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து நின்று பேசியிருக்கிறார், மார்தட்டிக்கொண்டிருக்கிறார். அத்தனையும் அம்மா மழையில் பஸ் பிடித்துப் போய்த் தேடிக் கொண்டுவந்து போட்டது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்தில் அழ வெட்கப்பட்டு மூக்கைச் சிந்தினார்.

"உனக்காக மட்டும்னு நினைச்சுக்காதே," என்றார் எட்னா கறாராக. "குடி குடிதான். எழுதின ஒவ்வொரு வரியும் நிஜமா எழுதினதுதான்."

"அந்தப் பதினான்காம் பத்தி... சத்தியமா நீன்னு தெரியாதும்மா."

"தெரியும்டா. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆளே தெரியாம எழுதி அவ்வளவு சரியா எழுதிட்டியே." சாண்ட்விச் காகிதத்தை நாலாக மடித்தார். "இப்ப நான் விலகிக்கட்டுமா? உன் கட்சிக்காரர் ஜெயிச்சுடுவார்."

"வேண்டாம்," என்றார் நெவில். "உள்ள வா. எழுதினதை வந்து பேசு."

உள்ளே போனதும் நெவில் முதலில் எழுந்தார். "தலைவர் அவர்களே, பதினான்காம் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன்."

"காரணம்?"

"எழுதியவருக்கு அதை எழுதத் தகுதி இல்லை."

தலைவர் கிளைவைப் பார்த்தார். அப்படி ஒரு காரணம் விதியில் இல்லைதான், ஆனாலும் கிளைவ் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததுதான் சண்டை. நாற்பது நிமிஷம். நெவில் ஒரு பிரிவைச் சொன்னால் எட்னா அதன் உட்பிரிவைச் சொன்னார். நெவில் பழைய தீர்ப்பு ஒன்றை எடுத்துப் போட்டால், அது மாறி மூன்று வருஷமாகிவிட்டது என்று தலைவர் வழியாகத் தெரிவித்தார். இடது பக்கத்துக் கவுன்சிலர் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி தின்ன மறந்துபோனார். "எங்க வக்கீலய்யா தோத்துருவார் போலிருக்கே," என்று டெஸ்ஸே வாய்விட்டுச் சொன்னார். சொன்னபடியே ஆயிற்று. தூங்கும் கிடாவுக்குப் பன்னிரண்டு மணி வரைதான், பாட்டு பதினொன்றோடு சரி. அது போதும் என்று டெஸ் எட்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழக்கதோஷத்தில், "ஒருநாள் கடைக்கு வாங்கம்மா" என்றும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எல்லோரும் எழும்போது கிளைவ் கையைத் தூக்கினார். பாவம், நல்ல மனுஷன், கடமை தவறாதவர். "மேடம், ஒரு குறிப்பு பதிவு பண்ணணும். இன்னையிலேர்ந்து திருமதி பெக்வித் ஆட்சேபிக்கிற எந்த விசாரணையிலும் திரு. பெக்வித் ஆஜராகக் கூடாது. அம்மாவுக்கு விதி இல்லை, அதனால இப்ப ஒண்ணு போட்டாச்சு."

எட்னாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எழுதினால் மகன் வர முடியாது. எழுதாவிட்டால், மற்றவர்களை மகனே பேசி விலக வைத்துவிடுவார், விசாரணையே கிடையாது. பன்னிரண்டு வருஷமாகக் கட்டி ஓட்டிய வண்டியை ஒரே குறிப்பில் நிறுத்திவிட்டார் அந்தப் புண்ணியவான். எட்னா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பந்து உருட்டும் கூடத்து வாசலில் புதிதாக ஒரு நீலத்தாள் ஒட்டியிருந்தது. எட்னா பழக்கத்தில் நின்றார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

கிளைவின் குறிப்பு நன்றாகவே வேலை செய்தது. பள்ளத்தாக்கில் உரிமங்கள் தானாக வர ஆரம்பித்தன. நெவிலுக்கு வியாழக்கிழமைகள் காலியாகிவிட்டன. முதல் வியாழன் ஜன்னல் துடைத்தார். இரண்டாவது வியாழன் காலை பத்து மணிக்கு அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் புதுப்பதிப்புச் செங்கல், பழுப்புத்தாள் அட்டை இல்லாமல். இன்னொரு கையில் விக் டப்பா.

"என்னடா, இன்னிக்கு ஞாயிறு இல்லையே? எந்தச் சபைக் கூரை இடிஞ்சது?"

"விசாரணை இருக்கும்மா. பக்கத்துத் தெருவுல மீன் வறுவல் கடை பீர் விக்கப்போகுதாம்."

"போகுதா?"

"இல்லை. ஒருவேளை வித்துச்சுன்னா?"

எட்னா மேசைமேல் இருந்த சர்க்கரை ஜாடியை நகர்த்தி இடம் பண்ணினார். நெவில் விக்கைத் தலையில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் தலை பெருத்திருந்தது, விக் உச்சியில் சின்னக் கிண்ணம் மாதிரி உட்கார்ந்தது. தலைவர் வேண்டுமே? ஜன்னலோரம் படுத்திருந்த கொழுத்த ஆரஞ்சுப் பூனையைத் தூக்கி மேசைத் தலைப்பில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தது.

மீன் வறுவல் கடை தோற்றது. டீ ஆறிப்போனது. மதியச் சாப்பாடு தாமதமானது. அதற்கிடையில் அப்பாவின் பழைய சைக்கிளைப் பற்றி, மாமாவின் ரம் புட்டிங்கைப் பற்றி, இருபத்தொரு வருஷமாக மாடியறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்ததைப் பற்றியெல்லாம் தலைவர் வழியாகப் பேச்சு வந்தது. போன் கோட்டுப் பையிலேயே கிடந்தது.

நெவில் கிளம்பும்போது எட்னா மேசையைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பூனையிடம் கேட்டார்.

"தலைவர் வழியா ஒரு கேள்வி. அடுத்த வியாழனும் விசாரணை இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்."

தலைவர் தூங்கிக்கொண்டிருந்தது. நெவில் விக்கைக் கழற்றி மேசைமேலேயே விட்டுவிட்டு, நேராக அம்மாவைப் பார்த்து, "வரேம்மா" என்றார்.